சாவிக்கொத்து

எங்கள் தெருவில் கணினி சம்பந்தமாக யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். எனக்குக் கணினி தெரியும் என்பதால் அல்ல. பகல் வேளையில் வேட்டியும் துண்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளை அந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். கதை எழுதுகிறவன் மும்முரமாக வேலை செய்யும்போதுகூடச் சும்மா இருக்கிறவனைப் போலத்தான் தெரிவான். போதாக்குறைக்கு, மடியில் எப்போதும் ஒரு கணினியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவரெல்லாம் டாக்டர் என்று நம்புகிற உலகம் இது. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காத என்னையும் அது நம்பிவிட்டது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கு வழக்கமாகச் செய்துவந்த பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அன்று முதல் என் திண்ணைக்கு வருகிறவர்கள் தொகை கூடிவிட்டது. வீட்டுக்கு வீடு எட்டு, பத்து வருஷத்துக் கணினி ஒன்று இருக்கிறது. புதிய விண்டோஸ் அதில் ஏற மறுக்கிறது. பழையதையே வைத்துக்கொண்டிருந்தால் திருட்டுப் பயம். தூக்கி எறியவோ மனம் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண், தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கேட்டாள்:

"அண்ணா, இப்போ எல்லாத்தையும் மேகத்திலேயே வச்சிக்கிற கம்ப்யூட்டர் வந்திருக்காமே! வீட்டுக்கு அது சரிப்படுமா?"

சரிப்படும் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சரிப்படாது என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் என்னிடம் சாட்சியம் உண்டு. ஆனால் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது வீட்டுத் தலைமையாசிரியரின் ஞாபகம் வந்து குறுக்கே நின்றது. "சாயங்காலம் வாம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அன்று மாலை அவளுக்குச் சொன்னதைத்தான், கதை எழுதுகிறவனுக்குரிய வழக்கப்படி கொஞ்சம் நீட்டி, இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மேகம் என்பது என்ன? வானத்தில் ஒன்றும் இல்லை. மண்ணின் மேல், சுவர்களுக்குள், இரவும் பகலும் குளிரூட்டி ஓடுகிற பெரிய பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம்முடைய கடிதமும் கணக்கும் புகைப்படமும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன. இரும்பும் செம்பும் மின்சாரமுமாக இருக்கிற அந்தக் கிடங்குக்கு மேகம் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் என் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவன்.

வீட்டுக்கு வருகிற மேகக் கணினியில் இரண்டு வகை. முதல் வகையில் நம் மடியிலுள்ள பெட்டிக்கும் கொஞ்சம் மூளை உண்டு. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டவும், நாம் அடிப்பதை வாங்கி அனுப்பவும் அதற்குத் தெரியும். சேமிப்பு மட்டும் பெரும்பாலும் வெளியே. 2011 ஜூனில் கடைக்கு வந்த கூகிளின் க்ரோம்புக் இந்த வகை. இரண்டாவது வகையில் முழுக் கணினியும் எங்கோ இருக்கிறது. நம் வீட்டுக்கு வருவது அதன் திரையின் படம் மட்டும்தான். 2021-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களுக்காகக் கொண்டுவந்த விண்டோஸ் 365 அப்படிப்பட்டது. 2025-ல் ஜியோ அதே மாதிரியான ஒன்றை நம் நாட்டு வீடுகளுக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியோடு இருக்கிற செட்-டாப் பெட்டியில் தட்டச்சுப் பலகையையும் மவுஸையும் இணைத்துவிட்டால் தொலைக்காட்சியே கணினித் திரையாகிவிடும். மாதாமாதம் கட்டணம். மின்சாரத்துக்கும் பாலுக்கும் கொடுப்பதுபோலக் கணினிக்கும் கொடுக்க வேண்டியது.

இது நேற்றுப் பிறந்த யோசனையும் அல்ல. 1961-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் நூற்றாண்டு விழாவில் ஜான் மெக்கார்த்தி என்ற விஞ்ஞானி, தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுவசதியாக விநியோகிக்கப்படலாம் என்று பேசினார். அந்த வருஷமே அங்கு ஒரே கணினியைப் பலர் தனித்தனி இயந்திரங்கள் முன் உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு செய்துகாட்டப்பட்டது. பிறகு கணினி சிறுத்து, மலிந்து, வீட்டு மேஜைக்கு வந்தது. 1990-களின் நடுவில் ஆரக்கிள் கம்பெனியின் லாரி எலிசன், "வீட்டுக்குப் பெரிய கணினி எதற்கு? வலையோடு இணைந்த சின்னப் பெட்டி போதும்" என்கிற கட்சியைத் தூக்கிப் பிடித்தார். அப்போதிருந்த இணையத்தின் வேகத்தில் அது எடுபடவில்லை. இப்போது வேகம் வந்துவிட்டது. யோசனையும் திரும்பி வந்துவிட்டது. கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போய், மறுபடியும் பெரிய வீட்டுக்கே மூட்டை கட்டுகிற கதைதான்.

இனி என் கதை.

2016-ல் ஒரு மார்கழி இரவு, என் பழைய கணினியின் வட்டு 'டக், டக்' என்று இரண்டு தரம் சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. அதோடு ஒரு நாவலின் பதினோரு அத்தியாயங்களும் போயின. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் அதை ஒரு வாரம் வைத்திருந்து, ஆஸ்பத்திரியில் கைவிரித்த டாக்டரைப் போன்ற முகத்துடன் திருப்பிக் கொடுத்தார். அந்த நாவலை மறுபடி எழுதினேன். வெளிவந்து சுமாரான பெயரும் வாங்கியது. ஆனாலும் முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு நினைப்பு. தொலைந்துபோன பிரதியில் பிழையே இருப்பதில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன் மகனுக்கு இந்த விஷயம் தெரியும். 2022 பொங்கலுக்கு வந்தபோது மெல்லியதாக ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "சித்தப்பா, இதுக்குள்ளே ஒண்ணும் இல்லே. அதுதான் இதோட பெருமை. இதை ரயில்லே விட்டுட்டு வந்தாலும் உங்க நாவல் பத்திரமா இருக்கும்" என்றான்.

உள்ளே ஒன்றும் இல்லாததைப் பெருமையாகச் சொன்ன முதல் ஆள் அவன்தான். எனக்குத் தெரிந்து சில பேருக்கு அப்படியொரு பெருமை இருக்கிறது. அவர்கள் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

அவன் சொன்னது உண்மை என்று அடுத்த வருஷமே தெரிந்தது. 2023 கோடை விடுமுறையில் என் மகள் அந்தப் பெட்டியை மாடிப்படியிலிருந்து தவறவிட்டாள். திரை நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிதறிவிட்டது. அவள் அழுதாள். எனக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது. இன்னொரு பெட்டி வாங்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். கால் மணி நேரத்துக்குள் என் கதை திரையில் வந்து நின்றது. முதல் நாள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். கதாநாயகி வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி, உள்ளே போகலாமா வேண்டாமா என்று அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பதினோரு அத்தியாயங்களைப் பறிகொடுத்தவனுக்கு அந்தக் காட்சி எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் வீடு முடிச்சூர்ப் பக்கம் இருக்கிறது என்று சொன்னால் சென்னைவாசிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. 3-ம் தேதி இரவு பிடித்த மழை 4-ம் தேதி முழுவதும் கொட்டியது. மின்சாரம் போயிற்று, பிறகு செல்போன் கோபுரமும் அடங்கிவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர் ஒன்றுக்கு நான் அத்தியாயம் தரவேண்டிய வாரம் அது. பாதிக்குமேல் எழுதி வைத்திருந்தேன். மடிக்கணினியில் இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மின்சாரம் இருப்பதாக அது தானே சொல்லிற்று. பெட்டி உயிரோடு இருந்தது, அத்தியாயம்தான் இல்லை. இணையம் இல்லாதபோதும் திறக்கவேண்டிய கோப்புகளுக்கு முன்கூட்டியே ஒரு குறி இட்டு வைக்கவேண்டும் என்று அண்ணன் மகன் சொல்லியிருந்தான். நல்ல யோசனைகளை உடனே செய்கிற வழக்கம் எனக்கு இருந்திருந்தால் நான் வேறு ஏதாவது உத்தியோகத்தில் இருந்திருப்பேன்.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் மகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் ஒரு மெழுகுவர்த்தியையும் கொண்டுவந்து வைத்தாள். "காகிதத்துக்கு சிக்னல் வேண்டாமே!" என்றாள். அந்த அத்தியாயம் ஞாபகத்திலிருந்து இரண்டாம் முறையாக எழுதப்பட்டது.

இதோடு கதையை நிறுத்தினால் மேகத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். பக்கத்து வீட்டில் மேஜைக்கு அடியில் தரையில் வைத்திருந்த கணினிப் பெட்டி முழங்கால் தண்ணீரில் ஒரு பகல், ஓர் இரவு ஊறியது. அவர்கள் மகளின் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. இணையம் திரும்பி வந்த அன்று என் அத்தியாயம் ஒரு எழுத்துக்கூட நனையாமல் வந்து சேர்ந்தது. அந்தப் படங்கள் வரவில்லை. ஒரே மழை, இரண்டு வீட்டுக்கும் இரண்டு விதமாகப் பாடம் சொல்லிவிட்டுப் போயிற்று. வீட்டில் வைத்தது வீட்டோடு நனையும். வெளியே வைத்தது வழி அடைத்துக்கொண்டால் கைக்கு வராது.

வழி நம் தெருவில்தான் அடைபடவேண்டும் என்பதும் இல்லை. 2025 அக்டோபர் 20, தீபாவளியன்று, அமெரிக்காவின் வர்ஜினியாவிலுள்ள அமேசானின் கணினிக் கூடங்களில், எந்தச் சேவை எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்கிற பட்டியலில் ஒரு பிழை நேர்ந்தது. அதனால் உலகத்தின் பல மூலைகளில் பல சேவைகள் மணிக்கணக்கில் ஸ்தம்பித்துவிட்டன. தன் வீட்டுப் பெட்டியில் ஒரு குறையும் இல்லாத மனிதன், கடல் தாண்டி ஒரு பட்டியலில் நேர்ந்த பிழைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியிருந்தது.

இவையெல்லாம் சௌகரியம், அசௌகரியம் என்ற கணக்கில் சேர்ந்தவை. கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். தலைமையாசிரியர் விஷயம் அப்படிப்பட்டதல்ல.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'சார்'. நான் மட்டும் அவருக்குத் 'தம்பி'. அவருடைய மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கேயுள்ள கிழவிகளை உட்காரவைத்துத் தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்துகொண்டு வருவார். வந்து, என்னுடையதைப் போன்ற ஒரு மடிக்கணினியில் ஒவ்வொன்றுக்கும் யார் பாடியது, எந்தத் தெரு, எந்த வருஷம் என்று குறிப்பு எழுதி வைப்பார். அந்தப் பாட்டிகளில் பாதிப் பேர் இப்போது இல்லை. "இதையெல்லாம் ஒரு புஸ்தகமா போடணும். நீங்கதான் முன்னுரை எழுதணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் வழக்கம்போல, ஆகட்டும் என்றிருந்தேன்.

2024 ஆடி மாசம் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். அவர் பழைய காலத்து மனுஷி. கடைசி வரை இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. நடக்க முடியாமல் போனபிறகு ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, அந்தக் கொத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாராம். பீரோ, சாமி அலமாரி, பரண், மாடி அறை, வங்கி லாக்கர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியிருக்கிறார். மொத்தம் ஒன்பது சாவிகள். பத்தாவது சாவி அதில் இல்லை. அப்படி ஒன்று இருப்பது அவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. கேட்கவேண்டும் என்று மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் தலைமையாசிரியர் அந்த மடிக்கணினியை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என் திண்ணைக்கு வந்தார்.

"தம்பி, இதைத் திறக்கணும். அவ பதிவு பண்ணினதெல்லாம் இதுக்குள்ளே இருக்கு" என்றார்.

இதற்குள்ளே ஒன்றும் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திறந்தேன். அம்மாளின் பெயர் அழகாக வந்தது. அதன் கீழே, கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு வெள்ளைக் கட்டம். மறந்துவிட்டது என்று சொன்னால், பதிவு செய்த செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பட்டுமா என்றது. அந்த எண் அம்மாளுடையது. போனவருக்கு எதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் என்று மகன் நல்ல எண்ணத்தோடு நிறுத்திவிட்டிருந்தான். பல மாதம் சும்மா கிடந்த எண் ரத்தாகிவிட்டது. அப்படி ரத்தான எண்களைப் பிறகு வேறு ஆட்களுக்குக் கொடுப்பதும் உண்டு. அவருடைய வீட்டின் பத்தாவது சாவி எந்த ஊரில் யார் சட்டைப் பையில் இருக்கிறதோ!

பழைய கணினியாக இருந்தால் வட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஏதாவது செய்து பார்த்திருப்போம். பீரோச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. இங்கே கழற்ற எதுவும் இல்லை. பெட்டியில் தங்கியிருக்கும் கொஞ்சநஞ்சமும் அந்தக் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி கலைத்துவைக்கப்பட்டிருக்கும். திருடனிடமிருந்து காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. திருடனுக்கும் புருஷனுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.

சரி, ஊகித்துப் பார்க்கலாம் என்றார். மகன் பெயர், பேத்தியின் பிறந்தநாள், ஊர்ப் பெயர், குலதெய்வம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் தவறு என்ற சிவப்பு எழுத்து வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"என் பேரை ஒரு தரம் போட்டுப் பாருங்க, தம்பி."

போட்டேன். அதுவும் இல்லை.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார். "அவ கெட்டிக்காரி. மத்தவங்க சுலபமா கண்டுபிடிக்கிற இடத்திலே எதையும் வைக்கமாட்டா" என்றார். நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர் அப்படிச் சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பழையபடி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

மரணச் சான்றிதழும் உறவுக்குச் சான்றும் அனுப்பி அந்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். இறந்தவர் கணக்கு சம்பந்தமாக அப்படி எழுதிக் கேட்கும் வழி பெரிய நிறுவனங்களில் இருக்கிறது. கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு: தன் கடிதங்களைத் தனக்குப் பின் யாரும் படிக்கக்கூடாது என்று நினைக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் அல்லவா? பதில் இன்னும் முடிவாக வரவில்லை. இதற்கிடையில் திருவையாற்றிலுள்ள அம்மாளின் தங்கை, தனக்கு அக்கா எப்போதோ வாட்ஸப்பில் அனுப்பிய ஏழு பாட்டுகளைத் தேடி எடுத்து அனுப்பினார். மற்றவை எத்தனை என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கணக்கு டீச்சர் சாயங்காலம் வந்து, இத்தனையையும் கேட்டுவிட்டு, "அப்போ வேண்டாம்னு சொல்றீங்களா, அண்ணா?" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வித்தாள் தயாரிக்கவும், மார்க் பட்டியல் போடவும், கடிதம் எழுதவும், கரண்டு பில் கட்டவும், பையன் பாடம் கேட்கவும்தான் வீட்டில் கணினி என்றால், மேகத்தை நம்பி நடக்கிற கணினி தாராளமாகப் போதும். விலை குறைவு, சீக்கிரம் விழித்துக்கொள்கிறது, வைரஸ் தொல்லை குறைவு. டாலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், சினிமா வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், விண்டோஸில் மட்டுமே ஓடுகிற மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கும் முதல் வகை உதவாது. இணையம் அடிக்கடி மூர்ச்சை போடுகிற வீட்டுக்கு இரண்டாம் வகை அறவே உதவாது. வெறும் படத்தை மட்டும் வாங்கிக் காட்டுகிற பெட்டி, படம் வராவிட்டால் கறுப்புக் கண்ணாடிதான்.

அவளிடம் இருக்கிற பழைய கணினியையே முதலில் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். க்ரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்று 2022-லிருந்து கூகிள் இலவசமாகத் தருகிறது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் இருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். புதிதாக க்ரோம்புக் வாங்குவதானால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2021 முதல் வந்த மாதிரிகளுக்குப் பத்து வருஷம் பராமரிப்பு என்று 2023-ல் அறிவித்தார்கள். அந்தப் பத்து வருஷம் அந்த மாதிரி வெளிவந்த காலத்திலிருந்து ஓடுகிறது. நாம் கடையில் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடி விலையில் கிடைக்கிற பழைய மாதிரிக்கு ஆயுசில் பாதி கழிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னேன். மேகம் வாடகை வீடு. கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம், நிரம்பினால் வாடகை. வீட்டுக்காரர் எந்த அறையை எப்போது இடிப்பார் என்பதும் நம் கையில் இல்லை. மேகத்தின் வழியாக வீட்டு அச்சுப்பொறியில் அச்சடிக்க கூகிள் கிளவுட் பிரிண்ட் என்று ஒன்று இருந்தது. அதை நம்பிப் பழகியவர்கள் பலர். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு மூடிவிட்டார்கள். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தார்கள், வாஸ்தவம்தான். நல்ல வீட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆகையால் வாடகை வீட்டில் குடியிருக்கிற விவேகமுள்ள குடும்பம் என்ன செய்யுமோ அதை நாமும் செய்யவேண்டியதுதான். அவசரத்துக்கு வேண்டிய கோப்புகளுக்கு, இணையமில்லாமலும் திறக்கும்படி, இன்றைக்கே குறி இட்டு வைப்பது ஒன்று. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்து, வீட்டுப் பீரோவில் ஒரு வட்டில் வைப்பது இரண்டு. கூகிளில் டேக்அவுட் என்ற வசதி 2011-லிருந்து இதற்காகவே இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம் அல்லவா? இதற்கும் போடலாம். குறிப்பிட்ட காலம் நம் நடமாட்டமே இல்லையென்றால், நாம் பெயர் கொடுத்தவர்களுக்குத் தகவல் சொல்லி, நாம் அனுமதித்ததைக் கொடுக்கும் ஏற்பாட்டை கூகிள் 2013-லும், அதுபோன்ற ஒன்றை ஆப்பிள் 2021-லும் கொண்டுவந்தன. போட்டு வைக்கப் பத்து நிமிஷம் போதும். போடாவிட்டால் காலமும் நம் பக்கம் இல்லை: இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை உள்ளிருப்பதோடு அழிக்கலாம் என்பது கூகிள் 2023-ல் கொண்டுவந்த விதி. பூட்டிய வீட்டையும் அத்தோடு இடித்துவிடுவார்கள்.

டீச்சர் யோசித்தாள். "பாஸ்வேர்டை யார்கிட்டேயும் சொல்லக்கூடாதுன்னுதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறோம்?" என்றாள்.

"சொல்லவேண்டாம்மா. உனக்கு அப்புறம் ஒருத்தருக்காவது கிடைக்கிற இடத்திலே வை."

அவள் போனபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் கணக்குக்கு எதையும் செய்து வைக்கவில்லை. அன்று இரவே நாமினி போட்டேன். எந்த ஏற்பாட்டையும் பாதிதான் நம்புகிற சுபாவத்தால், கடவுச்சொல்லை ஒரு காகிதத்திலும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. தலைமையாசிரியர் மஞ்சள் பையோடு திரும்பிப் போனதை அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

மாலை வேளைகளில் அவர் வாசலில் உட்கார்ந்து அந்த ஏழு பாட்டுகளையும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். தெருவுக்கே பாடமாகிவிட்டது. ஒரு தாலாட்டின் நடுவே, தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் "காப்பி ஆச்சா?" என்று கேட்கும். "கொஞ்சம் சும்மா இருங்களேன்!" என்று அந்த அம்மாளின் குரல் அதட்டும். பிறகு பாட்டி விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அந்த இடம் வரும்போது தலைமையாசிரியர் செல்போனைக் காதருகே கொண்டுபோகிறார்.

உறையை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன். பீரோச் சாவியை அவள் எங்கே வைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன்.

"நல்லா இருக்கு போங்க! கல்யாணமான நாளிலேர்ந்து அரிசிப் பானைக்குள்ளேதான் இருக்கு" என்றாள்.